ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்

ஞானதுரை அண்ணன் போயிட்டார்.

நேற்று காலை, மதுரை ஆஸ்பத்திரியில். சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூரில் அடக்கமும் முடிந்துவிட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் ஜவுளிக்கடைக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். சேலைப் பிரிவு... வெள்ளைச் சட்டை, காதில் பேனா. பதினோரு வருஷம் அவர் பக்கத்தில் நின்று சேலை மடித்திருக்கிறேன்.

அண்ணனுக்கு டிவி ரெஸ்லிங் என்றால் உயிர். ஆனால் ஜெயிக்கிற ஆளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

"ஜெயிக்கதுல என்ன இருக்கு? அடி வாங்குதவன பாரு. அவன் ஒழுங்கா விழலைன்னா அடிச்சவனுக்கு ஏது பேரு?"

ஆரம்பத்தில் இடது காலில் அடி வாங்கினவன் கடைசி வரை இடது காலைத்தான் நொண்ட வேண்டும். நடுவில் மறந்துபோய் வலது காலை நொண்டிவிட்டால், மறுநாள் கடைக்கு வந்ததும் அண்ணனுக்கு அப்படி ஒரு கோபம். "சம்பளம் வாங்குதான்ல... எந்தக் கால்னு ஞாபகம் வேண்டாமா?"

சேலை விரிக்கும் வெள்ளை மெத்தைதான் எங்களுக்கு ரிங். காலையில் சாமி படத்துக்குப் பத்தி காட்டிய பிறகு, கஸ்டமர் வருவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, ரெண்டு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் மெத்தையில் அறைய, மல்லாக்க விழுவார்.

"சத்தம் கையில வரணும். முதுகுல வந்தா ஆஸ்பத்திரிதான்."

பில் கவுண்டர் கணேசன், "எல்லாம் டூப்புண்ணே" என்பான். "டூப்புன்னா எனக்கு ஏம்ல இடுப்பு வலிக்கி?" என்று எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்வார்.

நான்தான் ரெஃப்ரி. விழுந்தவர் நான் மூணு எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. கடையிலேயே பெரிய குரல் என்னுடையது. மற்ற சேல்ஸ் பிள்ளைகள்தான் கூட்டம்.

விழுந்து கிடப்பவனுக்கு நிஜமாகவே அடிபட்டதா என்று ரெஃப்ரி குனிந்து கையைத் தொட்டுப் பார்ப்பாராம். அவன் மெல்ல ஒரு அமுக்கு அமுக்கினால் நல்லா இருக்கேன் என்று அர்த்தமாம். அண்ணன் அதைக் கடைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார்.

"ஏட்டி ஈஸ்வரி, நீ பொம்பளப்புள்ள, கைய எல்லாம் புடிக்க வேண்டாம். நான் ரெண்டு விரல மெத்தையில தட்டுதேன். எண்ணும்போது கூட்டத்த பாக்காத... என் விரல பாரு."

எண்ணுவதற்கும் அவர்தான் பழக்கினார். "ஒண்ணு, ரெண்டு வேகமா போ. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இழு. கூட்டம் அங்கதான் மூச்ச புடிக்கும்."

அந்த இழுப்பில்தான் துள்ளி எழுவார். ஒரு நாளும் என்னை மூணு சொல்ல விட்டதில்லை.

வியாபாரத்திலும் அதே ஆள்தான். ஒரு தடவை மகாராஜபுரத்திலிருந்து கல்யாணக் கூட்டம். எடுத்துப் போட்டது எதுவும் பிடிக்காமல் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.  அண்ணன் ஒரு அரக்குச் சேலையைப் பாதி பிரித்தார், என்னவோ யோசித்தார், திரும்ப மடித்துப் பின்னால் வைத்துவிட்டார்.

வாசல் வரை போன பெண்ணோட அத்தை நின்று திரும்பினார். "அதென்ன, எங்களுக்குக் காட்டாம வைக்கீய?"

அந்தச் சேலையைத்தான் எடுத்துப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கே...

போன வியாழக்கிழமை.

வந்ததிலிருந்தே இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, இன்னைக்கு எடது கையா?" என்று கேட்டேன். லேசாகச் சிரித்தார்.

சேலைக் கட்டை வலது கையால் மட்டும் இறக்கினார். டீ டம்ளரையும் வலது கையில்தான் பிடித்தார். ஒரு தடவைகூட மாறவில்லை. நான் பிள்ளைகளிடம், "பாருங்கடி, எம்புட்டுச் சுத்தமா செய்தாருன்னு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பிறகு மெத்தையில் விழுந்தார்.

கைச்சத்தம் வரவில்லை. முதுகுச் சத்தம்தான் வந்தது. அது இப்போதுதான் புரிகிறது... இப்போதும் கேட்கிறது.

நான் ஓடிப்போய் முட்டி போட்டு மெத்தையில் தட்டினேன். ஒண்ணு. ரெண்டு. இழுத்தேன்... அவர் பழக்கிய மாதிரியே இழுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

கூட்டத்தைப் பார்த்தேன். விரலைப் பார்க்கவில்லை.

மூணு சொல்லியும் எழவில்லை. புதுசாக ஏதோ செய்கிறார் என்று நினைத்து, திரும்ப ஒண்ணிலிருந்து எண்ணினேன்.

கணேசன்தான் கவுண்டரிலிருந்து கத்தினான். "யக்கா, எண்ணாதீய! அண்ணன் மூஞ்சியப் பாருங்க!"

அதற்குப் பிறகு ஆட்டோ, ராஜபாளையம் ஆஸ்பத்திரி, மதுரை. அண்ணன் கண்ணே திறக்கவில்லை.

மதுரையில் ஐ.சி.யூ வாசலில் அண்ணன் சம்சாரம், மதினி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "விழுந்த ஒடனே தூக்கிட்டீயல்ல ஈஸ்வரி? நீ பக்கத்துல இருந்தது அவியளுக்கு எம்புட்டு நல்லதா போச்சு..."

நான் தலையாட்டினேன்.

நேற்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நெஞ்சின் மேல் கையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். மூடுகிற வரைக்கும் நான் அந்த ரெண்டு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை இன்றைக்குத் திறந்தாச்சு. மெத்தைக்குப் புது வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். என்னால் அதில் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் இருந்துதான் இதை ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன்.

மதினி, நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் படிக்காவிட்டாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள்.

உடனே தூக்கலை மதினி. ரெண்டு தடவை எண்ணினேன்.

போயிட்டு வாங்கண்ணே... இப்ப கூட்டத்தைப் பார்க்கலை.