எல்லாச் சாவுக்கும் அழுகிறவர்

வாய் நிறையச் சின்ன ஆணிகளை அதக்கிக்கொண்டுதான் அவர் செய்தி பார்ப்பார். நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளுவார், எடுப்பார், சோபாவின் சட்டத்தில் வைத்து ஒரே அடி. கண் என்னவோ சுவரில் மாட்டிய டிவியில்தான் இருக்கும். சுத்தியல் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். எங்காவது பேருந்து கவிழ்ந்தது, கட்டடம் சரிந்தது என்று செய்தி வந்தால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும். அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியும். ஒரு ஆஸ்பத்திரி வாசல், இரும்புக் கேட், அதைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழும் கோடுபோட்ட சட்டைக்காரர். அந்த ஆள் இவர்தான்.

"வந்துட்டான்" என்பார், ஆணிகளுக்கு நடுவிலிருந்து.

எங்கள் தெருமுனையில் சோபா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். உள்ளே வயிறு கிழிந்த மெத்தைகள், கால் போன நாற்காலிகள், துருத்திக்கொண்டு நிற்கும் ஸ்பிரிங்குகள். உட்கார இடம் தேடினால், "எல்லாமே உக்கார்றதுக்குத்தான் சார் இருக்கு, ஆனா எதுலயும் உக்கார முடியாது" என்பார். கடைக்குப் பின்னால் வீடு. மனைவி, ஒரே மகள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தெருவுக்கு இவர் 'டிவி அண்ணன்'. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டபோது, வாயிலிருந்த ஆணிகளையெல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டுத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இருதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, பிழைத்துவிட்டாள் என்று சொன்னதும் இவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதே நேரம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் தீப்பிடித்து, கருகியவர்களை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாலேயே கேமராக்களும் வந்தன. "என்னன்னு ஒருத்தனும் கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சந்தோஷமா இருக்கேன்னு."

அன்று மாலைச் செய்தியில் தீ விபத்துக்கு அழுதார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து ஒரு படகு கவிழ்ந்தது, அதற்கும் அவரே அழுதார். பிறகு பாலம், கூட்ட நெரிசல், வெள்ளம். செய்திக்காரர்களுக்கு எப்போதும் அவசரம். சம்பவ இடத்துக்குக் கேமரா போய்ச் சேரும்வரை திரை சும்மா இருக்கக் கூடாதே. மூலையில் எறும்பு அளவு எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று போட்டுவிட்டால் அவர்கள் மனச்சாட்சிக்கு வேலை முடிந்தது. எறும்பை யார் பார்க்கிறார்கள்? நானும்தான் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து நாலைந்து சாவுக்கு 'ச்சு' கொட்டிவிட்டு, அடுத்த சேனலுக்குப் போயிருக்கிறேன்.

ஒருமுறை நியாயம் கேட்கச் சேனல் அலுவலகத்துக்கே போனார். அங்கிருந்த இளைஞன் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினானாம். "துக்கம்னு போட்டுத் தேடினா முதல்ல நீங்கதான் சார் வர்றீங்க. அவ்வளவு இயல்பா வந்திருக்கு" என்றானாம். பாராட்டா, திட்டா என்று புரியாமல் இவர் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பிறகு வெளியூர்ப் பேருந்துகளிலும் துணிக்கடைகளிலும் முன்பின் தெரியாதவர்கள் நெருங்கி வந்து, "உங்க வீட்டுல யாருங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் உண்மையைத்தான் சொன்னார். யாரும் சாகவில்லை என்றதும் அவர்கள் முகம் மாறியதாம். ஏமாற்றிவிட்டதுபோலப் பார்த்தார்களாம். ஒரு பெண்மணி, "அப்புறம் எதுக்குய்யா அப்படி அழுத?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அதற்கடுத்துக் கேட்டவரிடம், "தம்பி" என்று சொல்லிவிட்டார். இவருக்குத் தம்பி கிடையாது.

இப்போது தம்பிக்கு எல்லாம் இருக்கிறது. இடதுகைப் பழக்கம், லேசான திக்குவாய், மோட்டார் மெக்கானிக் வேலை. கேட்கிறவர்கள் ஆளுக்கொன்றாய்க் கேட்கக் கேட்கச் சேர்ந்துகொண்டதுதான்.

"கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று நான் வம்புக்கிழுத்தேன்.

"பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு சொல்வேன்" என்றார். சிரிக்கவில்லை.

அவர் மனைவிக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. நேரடியாக என்னிடமே பொரிந்து தள்ளினார். "எம் பொண்ணு பொழைச்சதுக்கு விட்ட கண்ணீர் சார் அது. அவளுக்குன்னு விட்டது. அதைத் தூக்கி ஊர்ல செத்துப் போறவங்களுக்கெல்லாம் பங்கு போடுறாங்க. விளங்குமா? நீங்க பத்திரிகைல எழுதறவர்தானே, இதை எழுதுங்களேன்." அந்தக் கோடுபோட்ட சட்டையை அவர் என்றைக்கோ கிழித்துக் கரித்துணியாக்கிவிட்டார். டிவியில் அது இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.

சோபாக்காரருடைய கவலை வேறு. "எனக்கு முடி கொட்டிருச்சு சார், பல்லு ரெண்டு போயிருச்சு. அவன் அப்படியே இருக்கான் பாருங்க." முன்பெல்லாம் 'நான்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், எப்போது 'அவன்' என்று மாறினார் என்று நான் கவனிக்கவில்லை. சில நாள் காலையில் எழும்போதே தாடை வலிக்குமாம், ராத்திரி முழுக்க அழுதவனுக்கு வலிப்பதுபோல. "அன்னைக்கு எங்கயாவது ஏதாவது நடந்துரும்" என்றார், மழை வரும் என்று சொல்கிற குரலில். இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. "டாக்டர் வந்து பாப்பா பொழைச்சுட்டான்னு சொன்னாருல்ல, அந்த மூஞ்சி எனக்கு இப்ப ஞாபகம் வரமாட்டேங்குது. அழுதது மட்டும்தான் வருது. எதுக்கு அழுதேன்னு பாப்பாவைப் பார்த்துப் பார்த்து ஞாபகப்படுத்திக்க வேண்டியிருக்கு."

போன வாரம், பழுதுக்குக் கொடுத்திருந்த என் சோபா தயாராகிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம். கைப்பிடியில் கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார். டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது: கல்லூரிப் பேருந்து ஒன்று பாலத்திலிருந்து விழுந்துவிட்டது. கல்லூரியின் பெயரைச் சொன்னார்கள். அவர் மகள் படிக்கும் கல்லூரி. அவள் தினமும் வருகிற பாதை.

போனை எடுத்துத் தட்டினார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது குரல். மறுபடி தட்டினார். அதே குரல். பின்வீட்டிலிருந்து மனைவி ஓடிவந்தவர், கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். செய்தி வாசிப்பவளிடம் படம் எதுவும் வரவில்லை. எத்தனை பேர் என்று தெரியவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு திரை மாறியது. இரும்புக் கேட். கோடுபோட்ட சட்டை.

சோபாக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"பழைய படம்ங்க அது" என்றேன். "உங்களுக்குத் தெரியாததா? இன்னொரு தடவை போன் போடுங்க."

"எதுக்கு சார்?" வாயிலிருந்த ஆணிகளை எடுக்காமலே பேசினார். "நான்தான் அழறேனே."

"ஐயோ, ஏன் இப்படிப் பேசறீங்க?" என்றார் மனைவி.

"இவன் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கானா? இவன் அழுதா, யாரோ போயிருக்காங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. திரையில் இருந்தவன் மூக்கைச் சட்டையில் துடைத்தான், கேட்டில் தலையை முட்டினான். இங்கே இவர் தாடை மட்டும் அவனோடு சேர்ந்து லேசாக அசைந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து டிவியை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அதை நிறுத்தினால் என்ன ஆகிவிடுமோ என்றும் தோன்றியது. படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன், எனக்கு இது தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மகள்தான். பையைத் தோளிலிருந்து இறக்கியபடி, "பஸ்ஸை விட்டுட்டேன்மா. லேப்ல நேரமாயிருச்சு, அப்புறம் நடந்து வந்து வேற பஸ் பிடிச்சேன். போன்ல சார்ஜ் இல்ல" என்றாள். அவளுக்கு விபத்தே தெரிந்திருக்கவில்லை. தாய் பாய்ந்து போய் அவள் தலை, கன்னம், தோள் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். நானும் எழுந்துவிட்டேன், கண் கலங்கிவிட்டது.

திரையில் அந்த ஆள் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

மகள் தாயை விலக்கிவிட்டு, சோபாக்களுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "அப்பா" என்றாள். தோளைத் தொட்டு இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் அவள் பக்கமாக உயர்த்தி, கொஞ்சம் இரு என்று உள்ளங்கையைக் காட்டினார்.