கறுப்பு வலை

புதுச்சேரிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட என் வீட்டுக்காரர் வளர்த்த குதிரை அது. அவர் இறந்துபோன பிறகு அதன் கண்களில் ஓயாமல் நீர் வடிந்தது. வெயிலும் ஈயும் படாமல் இருக்க வலை முகமூடி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் மாட்டு டாக்டர்.

மகன் வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றும் வாங்கி வந்தான்.

"கறுப்பு வேணாம்மா, பாக்கவே பயமா இருக்கு."

"போட்டுக்கப் போறது நீயா, அதுவா? எதுல கண்ணு தெரியுதோ அத வச்சிக்கலாம்."

யாரும் இல்லாத நேரம் கொட்டகைக்குப் போய் இரண்டையும் என் முகத்திலேயே கட்டிப் பார்த்தேன். வெள்ளையில் வெயில் கூசியது. கறுப்பில் எல்லாம் தெரிந்தது. மூலையில் அவர் நின்றிருந்தார்.

பதறி வலையை இறக்கினேன். ஆணியில் தொங்கிய அவருடைய காக்கிச் சட்டைதான். அப்போதே அதைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கறுப்பையே கட்டினோம். யார் தொட்டாலும் தலையை உதறுகிற குதிரை அசையாமல் நின்றது. பிறகு அந்த வெறும் ஆணியின் பக்கம் திரும்பி, அவர் கொள்ளு கொண்டு வரும்போது கனைப்பது போலவே மெல்லக் கனைத்தது.

கண் இப்போது தேறிவிட்டது. அந்த மூலையைப் பெருக்க மட்டும் மகனைத்தான் அனுப்புகிறேன்.