வெள்ளைக்காரத் தம்பியின் பூசை

போன கிழமை எங்கள் கூரைக்கு மேலால் ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து போனது. என் மகள் அதைப் பார்க்க வெளியே ஓடினாள். நான் மேசைக்குக் கீழே ஓடினேன்.

"அம்மா, என்ன தேடுறீங்கள்?"

கரண்டி விழுந்துவிட்டது என்றேன். சண்டை முடிந்த செய்தியை என் உடம்புக்கு இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லைப்போல. அப்படிக் குந்தியிருந்தபோதுதான் அந்த விமானப்படைக்காரனின் ஞாபகம் வந்தது. நான் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே செத்துப்போனவன். ஆனாலும் அவனுடைய பூசையில் நான் அழுததுபோல என் சொந்தக்காரர் எவருக்கும் அழுததில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பிய புதிது. மீள்குடியேற்ற வேலை செய்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. முகாமில் படித்த இங்கிலீசை நம்பித் தந்த வேலை. தமிழும் எனக்குத் தகராறுதான். இந்தியத் தமிழில் "வாங்க" என்றால் கந்தோரில் எல்லோரும் சிரிப்பார்கள். "வாங்கோ" என்றால் வீட்டில் தங்கச்சி சிரிப்பாள்.

ஒரு நாள் காலமை தொப்பியும் தடியுமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். கிட்ட வந்தால் பெப்பர்மின்ட் வாசம் அடிக்கும். என் அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன். வேலை இல்லை, யுத்த காலத்திலிருந்து இங்கேதான் படுத்திருக்கிறார் என்றார். நான் அப்படியே எங்கள் பொறுப்பாளர் பெனடிக்ற் அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.

"அட பாவமே! எந்த வார்ட்டிலயாம்?" என்று அவர் ஆசுப்பத்திரிக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

கிழவர் சொன்னது எங்கள் யுத்தம் இல்லை, இரண்டாம் உலக யுத்தம். அண்ணனின் விமானம் அரிப்பு என்ற கரையோர ஊருக்கு அங்கால் கடலில் விழுந்திருக்கிறது. மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கரைசேர்த்துத் தங்கள் வேதக்கோயில் சேமக்காலையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டை விட்டுப் போகும்போது இவர் சின்னப் பையன். சாகமுதல் ஒருதரம் அங்கே பூசை வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பூசை என்றதும் பெனடிக்ற் அண்ணையின் முகம் கறுத்தது. அந்த நாட்களில் செத்தவர்களுக்கு நாலு பேர் கூடி மெழுகுதிரி கொளுத்துவதென்றாலே பக்கத்து ஆமி முகாமில் கேட்க வேண்டும். கேட்டால் ஆருக்கு, ஏன், எப்ப செத்தவன் என்று தொடங்கும். அதனால் அநேகமானோர் கேட்பதேயில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள்.

நானும் அவரும் முகாமுக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் கதைப்பார்.

"யாருக்கு பூசை?"

"விமானப்படை வீரர் ஒருவருக்கு, சேர்."

"அபே?" நம்மவரா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"இல்லை சேர், வெள்ளைக்காரர். பழைய யுத்தம்."

மனுசன் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார். சேமக்காலையைத் துப்புரவாக்க ஆட்களும், இருக்கக் கதிரைகளும், ஊதுவதற்கு ஒரு ட்ரம்பெட்காரரும் அனுப்புவதாகச் சொன்னார். அடக்கத்துக்கு உதவி கேட்டுப் போய்க் கலியாணத்துக்குச் சாமான் வாங்கி வந்தமாதிரி இருந்தது.

பூசை நாளன்று மன்னார் ரவுனில் தேத்தண்ணி குடிக்க வான் வண்டியை நிறுத்தியதுதான் பிழை. கிழவர் தன் ஊரிலிருந்து பக்குவமாகக் கொண்டுவந்த மலர்வளையம், சிவப்புக் கடதாசிப் பூக்களால் செய்தது, வான் சீற்றில் இருந்தது. மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. சந்தைக்குள்ளும் வரும், பஸ்ஸையும் மறிக்கும், யாருக்கும் பயமில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது ஒன்று வான் யன்னலுக்குள் தலையை விட்டு, கடைசிப் பூவைச் சப்பிக்கொண்டிருந்தது.

நான் அழுகிற நிலை. கிழவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என் அண்ணன் இருந்தால் அதுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்திருப்பான்" என்றார்.

கல்லறை இருந்த ஊரில் நித்தியகல்யாணிப் பூ பறித்துப் புது வளையம் கட்டித் தந்தவர் பிலோமினா அக்கா. கடைசிச் சண்டையில் மகனைத் தவறவிட்டவர். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் சொல்லாததால் அவனுக்கு ஒரு கல்லறையும் இல்லை.

பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தோம். முழு ஊருமே வந்தது. வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி. அண்ணனின் கல்லறையில் விமானப்படைச் செட்டை, இரண்டு சிறகு, பொறித்த பழைய சிலுவை. அதைச் சுற்றி நிற்க இடமில்லை. ட்ரம்பெட்காரருக்குச் சோக மெட்டுத் தெரியாது, கொண்டாட்டத்துக்கு ஊதுகிற பைலா மட்டும்தான். அதையே மெதுமெதுவாக இழுத்து ஊதினார். முன்வரிசையில் ஒருவர் தன்னை அறியாமல் காலால் தாளம் போட, அவரை மனிசி கிள்ளினார்.

பிறகு கோயில் சுவாமி செபித்தார். "வீடு திரும்பாத எல்லாப் பிள்ளைகளுக்காகவும்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், ஊரே உடைந்து அழுதது. அப்படியொரு அழுகை. நானும் அழுதேன். முகாமிலிருந்து வந்திருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கிழவர் திகைத்துப்போனார். "என் அண்ணனை இவர்களுக்கு இவ்வளவு பிடிக்குமா?"

அப்போது பிலோமினா அக்கா கல்லறையில் திரியை நட்டுவிட்டு, அந்தச் செட்டையைத் தடவிக் கேட்டார்: "ராசா, சாப்பிட்டியாடா?"

"என்ன சொல்கிறார்?" என்றார் கிழவர்.

என்னிடமிருந்த இங்கிலீசு முழுவதையும் அன்றைக்குச் செலவழித்தேன். அவருடைய மகன், கல்லறை இல்லாதது, கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் தனக்குப் போட்ட கதிரையை இழுத்துவந்து அக்காவை அதில் இருத்தினார். தான் பக்கத்தில் மணலில் இருந்தார்.

"என் அண்ணனுக்கு இந்த இடம் பெரிது. பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லு."

சொன்னேன். அக்கா அவருடைய கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துவது லேசாகிவிட்டது. கிழவரின் அண்ணன் ஊருக்குத் தம்பியாகிவிட்டான்; "வெள்ளைக்காரத் தம்பியின்ர பூசை" என்றால் முகாமில் மறுப்பில்லை. சண்டை முடிந்த மே மாதத்தில் ஒன்று, போராடிச் செத்தவர்களை நினைக்கிற கார்த்திகையில் ஒன்று, யாரோ ஒருவரின் செத்துப்போன மகளின் பிறந்தநாளுக்கு இன்னொன்று. நான்தான் முகாமுக்குக் கேட்கப் போவேன். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"மிஸ், இந்த மனுசன் எத்தினை தரம் செத்தது?"

"வெள்ளைக்காரரின்ர வழக்கம் சேர்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவருக்கு விளங்கியிருந்தது.

இப்போது அந்த முகாம் இல்லை, பெரியவரும் மாற்றலாகிப் போய்விட்டார். கிழவரிடமிருந்து கொஞ்சக்காலம் கிறிஸ்மஸ் மடல் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சனம் தங்கள் பிள்ளைகளின் படத்தை வெளியே வைத்தே விளக்குக் கொளுத்துகிறது. நல்லதுதான். ஆனால் போன வருசம் அந்தச் சேமக்காலைக்குப் போனபோது தம்பியின் கல்லறையில் உருகின மெழுகுகூட இல்லை. நாயுண்ணிப் பற்றை சிலுவையின் செட்டை வரைக்கும் ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்தில், பொடியன் தனியக் கிடக்கிறான் என்று கேட்டு வாங்கின இடத்தில், பிலோமினா அக்காவின் கல்லறை.

புதிதாக வந்திருந்த இளம் சுவாமி என்னிடம் கேட்டார்: "அக்கா, இந்த வெள்ளைக்காரருக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆரும் இருந்தவையோ?"

"ஓம் சுவாமி, கனபேர்" என்றேன். பிறகு இரண்டு பேருமாகப் பற்றையை இழுத்துப் பிடுங்கினோம்.