முழங்கால் உயரத்தில் ஒரு மேடை

ஆபீஸில் மேசை, நாற்காலி, தடுப்பு எல்லாம் எங்கே வரவேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் தொழில். நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். கொரோனாவுக்கு முன்பெல்லாம் யாரையும் ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. ஆளுக்கு நாலடி, சுவரில் ஒரு கடிகாரம், முடிந்தது வேலை. இப்போது எல்லாரும் வருஷக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்து ருசி கண்டுவிட்டார்கள்.

கேட்டு எழுதிக்கினு வா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே கணக்கும் தரச் சான்றும் பார்க்கிற பன்னிரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிடப் புது ஆபீஸ் தயாராகிக்கொண்டிருந்தது. மேனேஜர் ரங்கநாதன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லிவிட்டு, வாசல் வரை வந்து சொன்னார்: "இன்னா கேட்டாலும் எழுதிக்கினு வா. ஆனா ஒண்ணாந்தேதி வராதவங்களுக்கு அப்புறம் வேலை கெடையாது."

டீ பிரச்சினை

கடம்பத்தூரில் கணக்குப் பிரிவு தயாளன் வீடு. சமையலறை வாசலில்தான் அவர் மேசை. நான் அளந்துகொண்டிருந்தபோதே அவர் மனைவி உள்ளேயிருந்து டீ ஆறுகிறது என்று மூன்று முறை குரல் கொடுத்துவிட்டார். ஆபீஸில் பட்டனைத் தட்டினால் டீ வரும் மெஷின் வைக்கப்போகிறோம், எங்கே வைக்கலாம் என்று பெருமையாகக் கேட்டேன். தயாளன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெஷின எங்கனா வையுங்க சார். டீ குடிச்சியான்னு கேக்கறதுக்கு ஒரு ஆள வையுங்க, அது போதும்."

பக்கத்து வீட்டு நாற்காலி

தரச் சான்று சரிபார்க்கிற ஸ்டெல்லா, கும்மிடிப்பூண்டியிலேயே குடியிருக்கிறார். பதினோரு வருஷ சர்வீஸ். நான் வருகிறேன் என்று கூடத்தில் மேசையும் நாற்காலியும் துடைத்து வைத்திருந்தார். உயரம், அகலம் எல்லாம் அளந்தேன். "எனக்கு ஒண்ணும் வாணாம் சார், முன்ன இருந்த மாதிரியே போதும்" என்றார். இப்படி எல்லாரும் இருந்துவிட்டால் என் பிழைப்பு எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டு, 'தேவை எதுவுமில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

வண்டியை எடுக்கும்போது அவர் கணவர் ஏசுதாஸ் பின்னாலேயே வந்தார். அந்த நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்ததாம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் நடந்த இரண்டாவது பிரசவத்திலிருந்து ஸ்டெல்லாவுக்கு இடுப்பு வலி; காலைத் தொங்கப்போட்டு அரைமணி நேரம் உட்கார முடியாது. ஆபீஸில் இருந்த வருஷங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான், பாயில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, வலியில்லாமல் வேலை செய்ய முடியும் என்றே அவருக்குத் தெரிந்தது. மறுபடியும் நாற்காலி என்றால் கொடுத்துவிட ராஜினாமாக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறாராம். நான் சிரத்தையாக அளந்தது ஒரு பொய்யை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏசுதாஸ் என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிறாதீங்க சார். நோவுன்னு வெளிய சொல்றது அவளுக்கு அவமானம்."

கல்யாண மண்டபம்

முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, மேலே மெத்தை, சாய்ந்துகொள்ளச் சுவர், குட்டை மேசை. ஸ்டெல்லாவுக்கென்று தனியாகப் போட்டால் அவரே உட்காரமாட்டார். அதனால் பெயர் எதுவும் சொல்லாமல், எல்லாருக்கும் பொது என்று வரைந்து நீட்டினேன். ரங்கநாதன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பாகம் வாங்கற வெளிநாட்டுக்காரன் வந்தா இது இன்னா கல்யாண மண்டபமான்னு கேப்பான்யா" என்றார். நான் வாதாடவில்லை. இத்தனை நாள் நீங்கள் வீட்டில் எப்படி உட்கார்ந்து வேலை செய்தீர்கள் சார் என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கட்டில்ல சாஞ்சிக்கினுதான்பா செஞ்சேன். மேடைய போடு. நான் சொன்னத வெளிய சொல்லாத."

ஒண்ணாந்தேதி

பார்த்துவிட்டு வரலாமென்று காலையிலேயே போனேன். மேடையில் தயாளனும் இன்னும் இரண்டு பேரும் சம்மணமிட்டு, ஃபைல்களைப் பரப்பிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா உள்ளே வந்தார், மேடையைப் பார்த்தார், இடமில்லை; ஓரமாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லாருக்கும் பொது என்று போட்ட என் புத்திசாலித்தனத்தை நானே திட்டிக்கொண்டேன். வாயைத் திறந்தால் ஏசுதாஸுக்குக் கொடுத்த வாக்கு போகும். திறக்காவிட்டால் அந்தம்மாவின் வேலை போகும். அரைமணி நேரத்தில் அவர் கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். ராஜினாமாக் கடிதம்தான்.

எழுந்தார். மேனேஜர் அறைப் பக்கம் நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி மேடை முன்னால் வந்தார். "தயாளண்ணா, கொஞ்சம் எழுந்துக்கோங்க. எனக்கு இடுப்பு வலி. பதினோரு வருஷமா வலி. என்னால சேர்ல ஒக்கார முடியாது." குரல் நடுங்கியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மூன்று பேரும் பதறி இறங்கினார்கள். ஸ்டெல்லா ஏறி, சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர் மட்டுமில்லை. தயாளன் ஃபைல்களை மார்போடு அணைத்தபடி நின்றார். "ஏம்மா, இத்த அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பழைய ஆபீஸ்லயே ஒனக்கு பாய் போட்டுருப்போமே!"

அடுத்த ஆபீஸில் மேடையை இரண்டு பங்கு பெரிதாகப் போடப்போகிறேன்; ஏனென்றால் எத்தனை பேருக்கு எங்கே வலிக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லப்போவதில்லை.