மிஷின்காரர் சொன்ன ப்ரோ

என் வீட்டுக் கூரை இறவாணத்தில் ஒரு மூங்கில் கழி செருகியிருக்கிறது. நுனியில் சிவப்புத் துணி. நெல் அறுக்கும் மிஷின் வயலில் இறங்கினால் இந்தக் கழியோடு முன்னால் நடப்பது என் வேலை. ஓட்டுகிறவர் வெளியூர்க்காரர். எங்கே உளைச் சேறு, எங்கே போர்வெல் குழாய், எந்தக் கரை தாங்காது என்று நான்தான் குத்திப் பார்த்துக் காட்ட வேண்டும்.

ஒரு வருஷம் தை அறுப்புக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஓட்டுநர் வந்தார். என்னைவிட இளையவர். யாராக இருந்தாலும் ப்ரோ என்றுதான் கூப்பிடுவார்.

"அப்படின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவன்னு அர்த்தம் ப்ரோ. அண்ணனா தம்பியான்னு கேக்காது. எந்தத் தெருன்னும் கேக்காது."

அதுவரை வயலில் எனக்கு 'டேய்'தான் பெயர். ப்ரோ என்று காதில் விழுந்தால் என் நடையே மாறும். திருப்பிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "சரிங்க" என்பேன்.

"சொன்னா பல்லு கொட்டிருமா ப்ரோ?" என்று சிரிப்பார்.

ஒருநாள் நிலத்துக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றிருந்தார். என் தகப்பன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலைதான் எங்களுக்கு. "ப்ரோ, பைக்கக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, மிஷின் திரும்பணும்" என்றார் ஓட்டுநர்.

நிலத்துக்காரர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "நானும் நீயும் இவனுக்கு ஒண்ணாடா? இனிமே இவனுக்கு முன்னாடி நீ நடக்கக் கூடாது."

தலையை ஆட்டினேன்.

அடுத்த வயலுக்கு வாய்க்கால் கரையில் ஏறிப் போக வேண்டும். "ப்ரோ, வரலையா?" என்று மிஷின் மேலே உட்கார்ந்தபடி ஓட்டுநர் கேட்டார். கழியை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அந்தக் கரை முழுக்க நண்டு வளை. முதல் நாள் மழை வேறு. அது தாங்காது என்று எனக்குத் தெரியும். கரை வேணாம் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை.

மிஷின் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. அடியிலிருந்து அவரை எடுத்தபோது மூச்சில்லை.

இப்போது எங்கள் ஊரில் எல்லோரும் ப்ரோதான். டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில். நிலத்துக்காரரின் பேரன் போன வாரம் "கொஞ்சம் வழி விடுங்க ப்ரோ" என்றான். அவனுக்கு அது சும்மா ஒரு சொல். எனக்கு ஒவ்வொரு தடவையும் 'வரலையா' என்பதும் சேர்ந்தே கேட்கிறது.

அறுப்பு வந்தால் யாரும் கூப்பிடாமலே கழியை எடுத்துக்கொண்டு அந்தக் கரையில் போய் நிற்கிறேன். மிஷின் வந்தால் சிவப்புத் துணியைக் காட்டுகிறேன்.

"இங்க வேணாம் ப்ரோ" என்கிறேன். இப்போது வாய் வருகிறது.