பாகூருக்கு வந்த பெங்களூர் பஸ்

எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் யாரும் தேட மாட்டோம். அம்மா முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள்; தொலைந்தது தானாக வந்து சேரும். தொலைந்ததற்கு முடிச்சுப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போட்டுவிட்டுத் தேடவும் செய்வார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேடுகிற வேலை மட்டும் கிடையாது. ஒருமுறை அப்பாவின் டார்ச் லைட் பாகூர் ஏரி வாய்க்காலில் விழுந்துவிட்டது. இருபது நாள் கழித்து எங்கள் வயல் மடையில் வந்து நின்றது, எரிந்துகொண்டே. பைக் சாவி, நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளின் கூடையில் சங்கரா மீன்களுக்கு நடுவே வந்தது. ஒரு வாரம் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

முடிச்சுக்கு இரண்டு சட்டம் உண்டு. போட்ட கையேதான் அவிழ்க்க வேண்டும், அதுவும் ‘தொலையவில்லை’ என்று மனதாரச் சொல்லி. இன்னொன்று, தொலைந்ததற்குத்தான் போட வேண்டும், போனதற்குப் போடக் கூடாது. இரண்டும் ஒன்றுதானே என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இந்த வரம் அம்மா வழியில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் இருவர், அக்காவும் நானும். பன்னிரண்டு வயதில் நான் பாவாடை நுனியில் முடிச்சுப் போட்டேன். தொலைந்த ஜியாமெட்ரி பாக்ஸ் மறுநாள் ஒரு ஆட்டின் பின்னால் வந்தது; ஆடு கயிற்றோடு சேர்த்து இழுத்துவந்திருந்தது. அக்கா தன் பேனாவுக்காக மூன்று முறை போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் வகுப்பில் முதல் மாணவி, தலைமுடி இடுப்புக்குக் கீழே. இந்த ஒன்றாவது எனக்கு மட்டும் வந்ததில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

அக்காவுக்கு இருபத்தொரு வயதானபோது பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை போய்ச் சேராவிட்டால், வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை கிளம்பினாள். எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பெட்டியைப் பூட்டும்போது, “போ, போ, ரூம் எனக்கே” என்றேன். அப்புறம் கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்று, துப்பட்டா நுனியில் ஒரு முடிச்சுப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். அவள் இல்லாத வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டரை மணி நேரத்தில் அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். டவுன் பஸ்ஸில் தூங்கிவிட்டாளாம். பஸ் பாண்டிச்சேரி வரை போய், அவளை இறக்காமலே பாகூருக்குத் திரும்பியிருந்தது. பெங்களூர் பஸ் போய்விட்டது.

சனிக்கிழமை அப்பா பைக்கில் கூட்டிப்போனார். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. அப்பா ஏரிக்கரை வழியாக வண்டியை விட்டார். எங்கும் திரும்பவில்லை, நேராகவே போனார். முன்சக்கரம் எங்கள் வீட்டுப் பின்பக்க முருங்கை மரத்தில் முட்டி நின்றது.

“ரோட்ட எவன்டா மாத்தி வச்சான்?” என்று அப்பா கத்தினார்.

அம்மா ரோட்டைப் பற்றிப் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “இன்னாடி தொலைச்ச?”

“பென்சில்.”

“காலேஜ் போற கழுதைக்கு இன்னாடி பென்சில்?” என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா என் முடியைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போய் நின்றாளே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே, தொலையவில்லை என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தேன்.

ஞாயிறுதான் கடைசி நாள். அப்பா அவளைப் பாண்டிச்சேரியில் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காரவைத்து, பஸ் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போன் செய்தார். அம்மா நிம்மதியாக வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் இருக்கும். தெரு முனையில் ஹாரன் சத்தம் கேட்டது. வேப்பமரக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஒரு பெரிய பஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நெற்றியில் ‘பெங்களூர்’ என்று போட்டிருந்தது.

“நேராத்தாம்மா வந்தேன்” என்றார் டிரைவர், தலையைச் சொறிந்துகொண்டு. ஜன்னல் வழியாக ஒருவர், “திண்டிவனம் வந்துட்சா?” என்று கேட்டார்.

அம்மா பாய்ந்து வந்து என் துப்பட்டாவின் நான்கு முனைகளையும் சோதித்தாள். எதிலும் முடிச்சில்லை. அதற்குள் அக்கா இறங்கிவந்து, துப்பட்டாவைத் தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். மடிப்புக்குள்ளிருந்து மிளகளவு ஒரு முடிச்சு எட்டிப்பார்த்தது.

“எப்போ போட்ட?” என்றாள் அம்மா.

“வெள்ளிக்கிழமையே. எனக்குத்தான் வராதே, சும்மா ஒரு தைரியத்துக்குப் போட்டேன். அவ்ளோ பெரிய ஊர்ல நான் தொலைஞ்சிப் போய்ட்டா, வூட்டுக்கு வந்து சேரணும்னு. இவ முடிச்ச பாத்ததும் எல்லாம் இவளாலதான்னு நெனச்சிக்கினேன்.”

“அப்போ பேனா ஏன் வரல?” என்றேன் நான். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

“பேனா போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு இருந்தா. இத்தனை நாளு அவளுக்கு மனசார வேணும்னு இருந்தது ஒண்ணும் தொலையலடி, அவ்ளோதான்” என்றாள் அம்மா. இரண்டு பெண்களுக்கும் வந்திருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெருமையும் எரிச்சலும் ஒன்றாக ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. அக்கா நகத்தால் நெண்டினாள், பல்லால் கடித்தாள். அவள் கையே அவிழ்க்க வேண்டுமென்பதால் நான் தொட முடியவில்லை. “சீக்கிரம் முடிச்ச அவுத்து வுடும்மா!” என்று பஸ்ஸே கூவியது. அக்காவுக்குத் ‘தொலையவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் பயம். எல்லாவற்றிலும் முதலாக வந்த என் அக்காவுக்குப் பயமாக இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

“நீ எங்கக்கா தொலையப் போற? வேலைக்குத்தான போற” என்றேன். “வழி தெரியலன்னா போன் பண்ணு. நான் திட்டிக்கினே வழி சொல்றேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “தொலையல” என்றாள். முடிச்சு நழுவி அவிழ்ந்தது. அப்போதுதான் பைக்கில் வந்து சேர்ந்த அப்பா, தான் ஏற்றிவிட்ட பஸ் தன் வாசலில் நிற்பதைப் பார்த்து, இறங்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அக்கா ஏறியதும் பஸ் தெருவில் பின்பக்கமாகவே நகர்ந்து போய், மெயின் ரோட்டில் திரும்பியது. இருட்டுவதற்குள் அக்கா போன் செய்தாள்: “திருவண்ணாமலை தாண்டிட்டோம்டி. பஸ் நேராத்தான் போவுது.” சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், திட்டிக்கொண்டே.

பொங்கலுக்கு முந்தின நாள் பாகூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கினாள். நான் முதல் வேலையாக அவள் துப்பட்டாவின் நான்கு முனைகளையும் பிடித்துப் பார்த்தேன். அவள் என்னுடையதைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

“யாரும் முடிச்சுப் போடாமலேயே வந்துட்டியா?” என்றேன்.

“லீவு போட்டுட்டு வந்தேன்டி” என்றாள்.