பெரியம்மா காவல் பார்த்த மிளகாய்ப் பருவம்

அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இந்த வருஷம் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு காவல் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளாகப் பார்த்து யாரோ கைவைத்துவிட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துத் தெருவைச் சுற்றி வர வேண்டும். செல்போனில் ஒரு குழு, சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு பச்சைக் கோட்டு. நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. பின்னால் நின்று கையை மட்டும் தூக்கினேன். "அண்ணே, முன்னப் பின்ன காவல் பாத்திருக்கீகளா?" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். "பாத்திருக்கேன். சின்னப் பயலா இருக்கைல" என்று என்னையும் மீறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது நிஜம்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் போகிற பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அன்றைக்கு ரோட்டிலிருந்து ஊருக்கு வர ஒரே ஒரு வண்டிப் பாதைதான். இரண்டு பக்கமும் கருவேலம். மிளகாய் பழுத்துவிட்டால் ஊரில் ஒரு ஆள் இருக்காது. கைக்குழந்தையைக்கூடப் புஞ்சைக்குத் தூக்கிப் போய் மரத்தடியில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் பழம் பறிப்பார்கள். அப்படி ஒரு பருவத்தில் பட்டப்பகலில் இரண்டு வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் களவு போயின. உடனே சித்தப்பா பகல் காவல் போட வேண்டும் என்று ஊரைக் கூட்டினார். அவர் என் அப்பாவின் தம்பி. எதையும் முன்னால் நின்று நடத்த அவருக்குப் பிடிக்கும். பேச்சு முடிவதற்கு முன்பே ஒரு விசிலும், சிவப்புப் பெயிண்டு அடித்த ஒரு கம்பும் தயாராக இருந்தன. கம்பு எந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டு ஆள் அன்றைக்குப் புஞ்சைக்குப் போகாமல் ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் அடுத்த வீட்டு வாசலில் கம்பைச் சாத்திவிட வேண்டும்.

ஆண் இல்லாத வீடுகளுக்கு முறை கிடையாது என்றார்கள். எங்கள் ஊரில் கோயில் வரியும் அப்படித்தான். ஆண் இருக்கிற வீட்டுக்கு முழு வரி, இல்லாத வீட்டுக்கு அரை வரி. பெரியம்மா மட்டும் வருஷா வருஷம் முழு வரி கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா, நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது, மழையில்லாத ஒரு வருஷத்தில் வேலை தேடி வடக்கே போனவர். ஆரம்பத்தில் ஆள் மூலம் சேதி வந்ததாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எனக்கு அவர் முகம் தெரியாது. வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

"மதினி, இது ஆம்பளைக பாக்குற வேலை. உங்களுக்கு எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"வரிய மட்டும் முழுசா வாங்குறீகள்ல? முறையும் முழுசா வரட்டும்."

"களவாணி வந்தா என்ன செய்வீக?"

"விசில எடுத்து ஊதுவேன். உங்க அண்ணன் வெளியூருல இருந்தா எங்க வீடு வீடு இல்லைன்னு ஆயிருமா?"

"முறையக் குடுத்துருங்கப்பா, அவுக சத்தத்துக்கு விசிலே வேண்டியதில்ல" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, பெரியம்மாவுக்கும் முறை கிடைத்தது.

அவர் முறை வந்த நாளில் பெரியம்மா ஊருக்குள் சுற்றவே இல்லை. வண்டிப் பாதையில் பாதித் தூரம் போய், பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்து சும்மா இருந்தேன். மேலே படிக்கத் திருச்சுழிக்கு பஸ்ஸில் போக வேண்டும். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் பெரியம்மா பின்னாலேயே போய்விட்டேன்.

பெரியம்மா காவல் பார்த்த விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம். யார் வந்தாலும் எழுந்து எதிரே போவார். முண்டாசு கட்டியிருந்தால் கழற்றச் சொல்வார். முகத்துக்கு நேராக நின்று பார்ப்பார். அம்மி கொத்துகிறவர், ஆட்டு யாவாரி, ஐஸ்காரர், எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். பார்த்து முடித்ததும், "சரி, போங்க" என்பார். பையில் என்ன, மூட்டையில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒருநாள் முகமெல்லாம் திருநீறும் தாடியுமாக ஒரு பண்டாரம் வந்தார். பெரியம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, "வெயில்ல வந்திருக்கீக, மூஞ்சியக் கழுவுங்க சாமி" என்றார். இந்த ஊரில் இப்படி உபசாரமா என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கழுவிவிட்டு நிமிர்ந்தார். பெரியம்மா பார்த்தார். அவ்வளவுதான், மறுபடி கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். களவாணியைக் கண்டுபிடிக்க முகம் கழுவிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஊர் ஆம்பளைகளுக்கு ஒரு நாள் பறிப்பை விடுவது கஷ்டமாக இருந்தது. "மதினி, பழம் உதிருது. நாளைக்கு நம்ம முறையக் கொஞ்சம் பாத்துக்கிறீகளா?" என்று ஒருவர் கேட்டார். "கம்ப வச்சிட்டுப் போங்க" என்றார் பெரியம்மா. அதைப் பார்த்து அடுத்தவரும் கேட்டார். கொஞ்ச நாளில் யாரும் கேட்பதுகூட இல்லை. கம்பு பெரியம்மா வாசலிலேயே தங்கிவிட்டது. "ஊருக்கே காவலு, சொந்தப் புஞ்சைய யாரு பறிக்கிறதாம்?" என்று என் அம்மா சாடை பேசினாள். பெரியம்மா காதில் வாங்கவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் ஊருக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். காட்டுப் பக்கமாக நுழைந்திருக்க வேண்டும். தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான்.

"நில்லுப்பா. துண்டை எடு" என்றார் பெரியம்மா.

அவன் மிரண்டுபோய் எடுத்தான். பெரியம்மா வழக்கம்போல் நின்று பார்த்தார்.

"எந்த ஊரு?"

"காரியாபட்டிப் பக்கம்."

"சரி, போ."

நான் யார் முகத்தையும் பார்க்கிறவன் இல்லை. கீழேதான் பார்ப்பேன். அவன் தள்ளிக்கொண்டு போனது சித்தப்பாவின் சைக்கிள். குஞ்சம் வைத்த பச்சை சீட்டு கவர் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அன்று காலைதான், பின் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை என்று சித்தப்பா அதை வீட்டில் விட்டுவிட்டு நடந்து புஞ்சைக்குப் போயிருந்தார். பஞ்சர் ஒட்டுகிற கடை ஆள் போலிருக்கிறது, பெரியம்மாவே பார்த்து அனுப்பிவிட்டாரே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் மந்தைத் திடலில் ஊர் கூடியது. சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"மதினி, ஆளப் பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேன். முப்பது வயசுக்குள்ள இருக்கும். இடது புருவத்துல ஒரு வெட்டு, அதுல முடி மொளைக்கல. மேவாயில குழி. முன்பல்லு ஒன்னு மேல ஒன்னு ஏறியிருக்கும்."

"போலீசுகூட இம்புட்டு எழுதாது" என்றார் ஒருவர்.

"சரி, கையில என்ன வச்சிருந்தான்?"

பெரியம்மா யோசித்தார். "கையில... கவனிக்கலையே."

"சைக்கிளு மதினி! என் புதுச் சைக்கிளு! அதப் புடிச்சுக்கிட்டு உங்க முன்னாலேயே நின்னுருக்கான்!"

மந்தை முழுக்கச் சிரித்தது. "கம்ப வாங்கிருங்கப்பா, போதும் இந்தக் காவலு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியம்மா கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அதுவரை அதட்டலாக மட்டுமே கேட்டிருந்த அவர் குரல் இறங்கிப்போனதை அன்றுதான் கேட்டேன்.

"சைக்கிளுக்கு ஈடா என் ரெண்டு ஆட்டையும் புடிச்சுக்கிருங்க. கம்ப மட்டும் வாங்கிராதீக."

"ஆட்ட எவன் கேட்டான்?" சித்தப்பா கத்தினார். "வாரவன் போறவன் மூஞ்சியில அப்படி என்னத்தத்தான் தேடுறீக?"

பெரியம்மா திரும்பி வண்டிப் பாதைப் பக்கம் பார்த்தார். சித்தப்பா திறந்த வாயை மூடாமல் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாடை பேசுகிற என் அம்மா போய்ப் பெரியம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். சைக்கிளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. திட்டு இனிமேல்தான் இருக்கிறது என்று காத்திருந்த எனக்கு எல்லாமே விசித்திரமாக இருந்தது.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க வா. நாளையிலருந்து நீயும் காவலுதான். பெரியம்மா மூஞ்சியப் பாக்கட்டும். நீ கையப் பாரு."

அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. புதுசாக வாங்கிய சைக்கிளைப் பறிகொடுத்தவர், பறிகொடுக்க விட்டவரிடமே எதற்குக் கம்பைக் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "பெரியம்மாவுக்குக் கண்ணு மங்கலாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, மங்கல்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா முன்னால் நடந்தாள்.

அந்தப் பருவம் முழுக்க விசில் என் கழுத்தில் தொங்கியது. பாதையில் யார் வந்தாலும் நான் பையை, மூட்டையை, கைகளைப் பார்ப்பேன். கூடை, குடை, கோழி, ஈயப் பாத்திரம் என்று ஒன்றையும் விடமாட்டேன். களவுப் பொருள் எதுவும் இல்லை என்று தெரிந்ததும், "போகலாம்" என்பேன். ஆள் போய் ரொம்ப நேரமான பிறகும் பெரியம்மா கல்லுக்குத் திரும்பாமல் பாதை நடுவிலேயே நின்றுகொண்டிருப்பார். கண் மங்கலானவர், ஆள் போய்விட்டது இன்னும் தெரியவில்லை என்று எண்ணி, நான் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைப்பேன்.